கீழிதழில் பதினொரு புள்ளி

பாலக்கரையில் ரெஜிஸிடம் படம் எடுத்துக்கொண்டவர்கள் யாருக்கும் முகத்தில் பரு கிடையாது. அம்மைத் தழும்பு கிடையாது, கண்ணுக்குக் கீழே கருவளையம் கிடையாது. ஆதார் கார்டில் பிள்ளைகளைப் பயமுறுத்துகிற மனிதர்கூட அவனிடம் வந்து பாஸ்போர்ட் சைஸ் எடுத்தால், இவருக்கு வரன் பார்க்கலாமே என்று தோன்றும் அளவுக்கு ஆகிவிடுவார். 'ரெஜிஸ் அண்ணன் டச்' என்று அந்தப் பக்கத்தில் அதற்குப் பெயர். இருபத்திரண்டு வருஷமாக அந்த டச்சில்தான் அவன் வீட்டில் அடுப்பு எரிந்தது. அதே டச்தான் அவன் மனைவி ஏழு வருஷம் பட்ட பாட்டை ஒரு மத்தியானத்தில் துடைத்துப் போட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆசை ஆசையாகச் செய்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

மனைவி பெயர் ஜென்சி. பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குத் தாவரவியல் எடுக்கிறாள். காலையில் எடமலைப்பட்டி புதூர் வீட்டில் இரண்டு பேருக்கும் சோறு கட்டி, பஸ் பிடித்து, ஆறு பீரியட் கத்திவிட்டு வந்து, அதற்கப்புறம் பார்ட் டைமில் பிஎச்.டி. செய்தாள். எதில் என்றால், வயல் வரப்பில் முளைக்கிற பொடிச்செடிகளில். மாடுகூடத் திரும்பிப் பார்க்காத செடிகள். "நான் மனுசன் மூஞ்சியப் பாத்துப் பொழைக்கிறேன், நீ களையப் பாத்து டாக்டராகப் போற" என்று ரெஜிஸ் கிண்டல் செய்வான். கிண்டல்தான் செய்வானே தவிர, கல்யாண வீட்டுக்குப் படம் எடுக்கப் போனால் பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவரிடம் "எங்க வீட்டுல டாக்டரேட் பண்றாங்க" என்று சொல்லாமல் இலையை மூட மாட்டான்.

அந்தச் செடிகளில் ஒன்று திருவெள்ளறையில் ஒரு வயலின் வரப்போரம் இருந்தது. ஊரில் அதற்குப் பெயரே இல்லை, கேட்டால் "புல்லு" என்பார்கள். பூ பச்சரிசியைவிடக் கொஞ்சம் பெரிசு. வெள்ளை, ஓரத்தில் லேசாக ஊதா. ஜென்சி ஒரு நாள் கை லென்ஸை வைத்துப் பார்த்தபோது கீழிதழில் கறுப்பாகப் புள்ளிகள் தெரிந்தன. அடுத்த பூவில் பார்த்தாள், அதிலும் இருந்தன. இந்தச் செடிக்கு இப்படிப் புள்ளி உண்டென்று அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒன்றரை வருஷம் போய்ப் போய்ப் பார்த்து, எண்ணி, வரைந்து, அதற்கென்று ஒரு அத்தியாயமே எழுதினாள். ஆய்வேட்டின் உயிர் அந்த அத்தியாயத்தில்தான் இருந்தது.

ஆனால் அந்தப் பூ பெரிய ரோஷக்காரப் பூ. தொட்டால் உதிர்ந்துவிடும். பறித்துக் காகிதத்தில் வைத்துக் காயப்போட்டால் புள்ளி மங்கிப் போய்விடும். காலை ஆறரைக்கு விரிந்தால் ஒன்பது மணிக்குள் சுருண்டுவிடும். ஆகவே இருக்கிற இடத்திலேயே, உயிரோடு இருக்கும்போதே படம் எடுத்தால்தான் உண்டு. அவள் பிஎச்.டி. செய்கிற கல்லூரியில் மைக்ரோஸ்கோப்பில் மாட்டுகிற கேமரா ரிப்பேராகி ஒரு வருஷம் ஆயிற்று. பூச்சி, பூவெல்லாம் பெரிசாக எடுக்கிற மேக்ரோ லென்ஸ் ரெஜிஸிடம் இல்லை. கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் அது எதற்கு?

"இதுக்குப் போயா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க? இருக்கிற லென்ஸைத் திருப்பி மாட்டுனா போச்சு" என்றான் ரெஜிஸ்.

அவனிடம் ஒரு பழைய ஐம்பது எம்.எம். லென்ஸ் இருந்தது, முகம் எடுக்கிற சாதாரண லென்ஸ். அதன் முன்பக்கம் கேமராவை ஒட்டி வருகிற மாதிரி ஒரு வளையம் போட்டுத் திருப்பி மாட்டினான். பின்பக்கம் இப்போது வெளியே பார்த்தது. அப்படித் திருப்பிவிட்டால் எறும்பின் கால் கூடத் தடிமனாகத் தெரியும். ஆனால் பூவுக்கு நாலு விரற்கடை தூரத்தில் போய்க் குப்புறப் படுக்க வேண்டும். லென்ஸைத் திருகித் தெளிவு கொண்டுவர முடியாது, உடம்பையே ஒரு நூல் முன்னே, ஒரு நூல் பின்னே நகர்த்த வேண்டும். ஒரு தாள் கனத்துக்குத்தான் தெளிவாக விழும், அதற்கு முன்னும் பின்னும் பனிமூட்டம். மூச்சு விட்டால் பூ ஆடும்.

மார்கழியில் மூன்று சனிக்கிழமை போனார்கள். ரெஜிஸ் ஈர வரப்பில் சட்டையெல்லாம் சேறாகக் கிடந்தான். ஜென்சி குடையைக் காற்றுக்கு அணை வைத்து, ஒரு தெர்மாகோல் தட்டால் வெளிச்சத்தைப் பூவின் முகத்தில் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது சனிக்கிழமை காற்றே இல்லை. முந்நூறு படம் எடுத்தான், நாலு தேறியது. கேமராவின் பின்திரையில் அதைப் பார்த்த ஜென்சி, வயலென்றும் பாராமல் அவன் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் தொழிலால் அவளுக்கு ஒரு பிரயோஜனம் என்று ரெஜிஸ் நெஞ்சு நிறைந்து போனான்.

அந்த நிறைவோடுதான் திங்கட்கிழமை மத்தியானம் ஸ்டுடியோவில் உட்கார்ந்தான். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிசாக்கினான். பூவின் முகம் திரை முழுக்க வந்தது. மகரந்தத் தூள் சிதறிக் கிடந்தது, துடைத்தான். இதழ் ஓரத்தில் ஒரு கீறல், சரி செய்தான். கீழிதழில் கறுப்பு கறுப்பாக என்னவோ. சேறு தெறித்திருக்கிறது, பாவம், நல்ல பூ என்று நினைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக, பொறுமையாக, அப்பழுக்கில்லாமல் எடுத்தான். ஜென்சி புள்ளியைப் பற்றி அவனிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். அவன் "ம்" போட்டுக்கொண்டே வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பான். புருஷன்மார்களின் காது வாகு அப்படி. நாலு படத்தையும் முடித்து, அதே பெயரில் சேமித்தான். பழையதைத் தனியாக எடுத்து வைக்கிற வழக்கம் அந்த ஸ்டுடியோவில் இல்லை, தன் பருவோடு இருக்கிற படம்தான் வேண்டும் என்று யார் திரும்பி வந்து கேட்கப் போகிறார்கள்? கேமராவில் இருந்த கார்டை அழித்துவிட்டு, மறுநாள் ஒரு காதுகுத்துக்கு எடுத்துக்கொண்டு போனான்.

ஜென்சி பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தாள். அச்சில் அந்தப் படம் தீப்பெட்டி அளவுதான் வந்தது, ஒரே பக்கத்தில் ஆறு படம். அப்போது அவளுக்கு அரைப் பரீட்சை பேப்பர் கட்டு வேறு. அதோடு, அந்தப் பூவை அவள் அத்தனை தடவை பார்த்திருந்தாள். புள்ளி இல்லாத இடத்திலும் அவள் கண் புள்ளியைப் பார்த்தது. "ரொம்ப சுத்தமா வந்திருக்குங்க" என்றாள். பங்குனியில் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தாள்.

அடுத்த தை மாதம் வெளியூர்ப் பரீட்சகரின் அறிக்கை வந்தது. மற்றதையெல்லாம் மெச்சியிருந்தார். கடைசிப் பத்தியில், ஏழாம் எண் படமான அந்தப் பூவைப் பற்றி எழுதியிருந்தார். வரைபடத்தில் பதினொரு புள்ளி இருக்கிறது, வர்ணனையிலும் இருக்கிறது, புகைப்படத்தில் ஒன்றுகூட இல்லை. ஒன்று, ஆய்வாளர் இல்லாததை வரைந்திருக்கிறார். இல்லையென்றால் படத்தைத் திருத்தியிருக்கிறார். இரண்டில் எதுவானாலும் நேர்மைக் குறைவு. அசல் படத்தையோ, புதிதாக எடுத்த படத்தையோ இரண்டு மாதத்துக்குள் உரிய விளக்கத்தோடு அனுப்ப வேண்டும், தவறினால் இந்த ஆய்வேட்டைப் பட்டத்துக்குப் பரிந்துரைக்க இயலாது.

ஜென்சி அந்தத் தாளோடு நேரே ஸ்டுடியோவுக்கு வந்தாள். "அந்தப் பூ படம், திருவெள்ளறையில எடுத்தது, தொறங்க" என்றாள். ரெஜிஸ் திறந்தான். பெரிசாக்கச் சொன்னாள். பெரிசாக்கினான். வெள்ளை வெளேரென்று, புதுத் தட்டு மாதிரி இருந்தது கீழிதழ்.

"புள்ளி எங்கங்க?"

"எந்தப் புள்ளி?" என்று கேட்கும்போதே அவனுக்கு அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் ஞாபகம் வந்தது. "சேறுன்னு நெனச்சு... நல்லா இருக்கட்டும்னுதான் ஜென்சி."

"ஒரிஜினல் இருக்கா?"

அவன் அழிந்த படத்தை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு அந்தக் கார்டைக் குடைந்தான். ஆயிரத்து நானூறு காதுகுத்துப் படமும் அதற்கப்புறம் எடுத்த நிச்சயதார்த்தமும் வந்தன. அழுகிற குழந்தை, சிரிக்கிற தாய்மாமன், ஆட்டுக்கறிப் பந்தி. பூ வரவில்லை.

ஜென்சி கத்துவாள் என்று எதிர்பார்த்தான். கத்தியிருந்தால் தேவலை. வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, சின்னக் குரலில் பேசினாள்.

"எனக்கு மூக்குக்குப் பக்கத்துல மச்சம் இருக்குல்ல. நம்ம கல்யாண ஆல்பத்துல அது இல்லை. நீங்கதான் உக்காந்து எல்லாத்தையும் சரி பண்ணுனீங்க. அன்னைக்கே கேட்டிருக்கணும். புதுசா வந்த வீடு, சும்மா இருந்துட்டேன். எனக்கு இருக்கிறத நீங்க எடுத்துப் போட்டீங்க, நான் பேசாம இருந்தேன். இப்ப ஊர் பேர் தெரியாத ஒருத்தர் என்னைய ஃபிராடுங்கிறார்."

ரெஜிஸுக்கு அழுகை வந்தது, அழவில்லை. அழுதால் அவள் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அந்த வேலையையும் அவள் தலையில் கட்டுவதா என்று நினைத்துக் குனிந்துகொண்டான்.

மறுநாள் இருவரும் ஸ்ரீரங்கம் போனார்கள். ஜென்சிக்கு வழிகாட்டியான மகாலட்சுமி மேடம் அங்கே சித்திரை வீதியில் இருந்தார். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்.

"நான் ஒண்ணு சொல்றேன் ஜென்சி. பிரிண்ட் போடுற இடத்துல நடந்த தப்புன்னு எழுதிடலாம். கலர் கரெக்‌ஷன்ல போயிடுச்சுன்னா யாரும் குடைய மாட்டாங்க. வீட்டுக்காரரே அழிச்சார்னு எழுதினா, நீ சொல்லித்தான் அழிச்சார்னுதான் முதல்ல தோணும்."

ரெஜிஸ் ஜென்சியின் முகத்தைப் பார்த்தான். சரியென்று சொல்லிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான். தன் பெயர் தப்பிக்குமே என்ற நப்பாசையும் அதில் இல்லாமலில்லை.

"ரெக்கார்ட் நோட்டுல பாத்தத மட்டும் வரைங்கன்னு பிள்ளைங்ககிட்ட பதினஞ்சு வருசமா சொல்லிட்டிருக்கேன் மேடம்" என்றாள் ஜென்சி. "நடந்ததையே எழுதுறேன். பூவையும் திரும்ப எடுத்துடுறேன்."

மேடம் துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "அப்ப சீக்கிரம் கெளம்புங்க. தை பாதி ஆயாச்சு, வரப்பெல்லாம் காஞ்சிடும்" என்றார்.

திருவெள்ளறைக்குப் போனால், அந்த வயலே இல்லை. செம்மண் கொட்டி மட்டம் செய்து, மஞ்சள் கல் நட்டு, மனை மனையாகப் பிரித்திருந்தார்கள். நாலு பக்கமும் கொடி பறந்தது. சுற்று வட்டாரத்து வரப்புகளில் இரண்டு வாரம் தேடினார்கள். அறுப்பு முடிந்து தரை வெடித்துக் கிடந்தது. ஜென்சி பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு, தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல் வரப்பு வரப்பாக நடப்பாள். பின்னால் கேமராப் பையோடு ரெஜிஸ். அவள் ஏதும் சொல்லிக்காட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவை எடுத்துக் கொடுப்பாள், தண்ணீர் வேண்டுமா என்பாள். அந்த மரியாதையே அவனைத் தின்றது.

மாசி பிறந்த பிறகு ஒரு நாள், வயலை விற்றவரே டீக்கடையில் அகப்பட்டார். "மண்ணு கொட்டறதுக்கு முன்னாடி மேல்மண்ண வழிச்சு எடுத்துட்டாங்க. நல்ல வண்டல்ல, வீணாப் போவானேன்னு ஸ்ரீரங்கத்துல ஒரு நந்தவனத்துக்கு மூணு லோடு அனுப்புனேன். பெருமாளுக்குப் பூ பூக்கட்டும்னு" என்றார்.

ஜென்சி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். மண் போன இடத்துக்கு விதையும் போயிருக்கும். நந்தவனமென்றால் தினமும் தண்ணீர் பாய்கிற இடம்.

நந்தவனம் கொள்ளிடக்கரைப் பக்கம் இருந்தது. ஒரு மடத்துக்குச் சொந்தம். பிச்சமுத்து என்பவர் பார்த்துக்கொண்டார். காலை ஆறரை மணிக்கு இவர்கள் போனபோது, வாயையும் மூக்கையும் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நந்தியாவட்டை பறித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், துண்டை அவிழ்க்காமலே சிரித்தார்.

"களையப் படம் எடுக்க வந்திருக்கீங்களா? நான் தெனம் பிடுங்கிப் பிடுங்கி எறியறேன், எனக்கு யாரும் படம் எடுத்துத் தரலையே."

"பிடுங்கிட்டீங்களா?" என்று ஜென்சி கேட்ட குரலில் அவர் சிரிப்பு நின்றது.

"வாங்க, பாப்போம்" என்று கூட்டிக்கொண்டு போனார். குப்பை மேட்டில் வாடிய செடிகள் கட்டுக் கட்டாகக் கிடந்தன. ஜென்சி ஒன்றை எடுத்துப் பார்த்தாள். அதேதான். அதைக் கீழே போட்டுவிட்டு, பாத்தி பாத்தியாகப் பார்த்துக்கொண்டே போய், குழாயடியில் மருக்கொழுந்துப் பாத்தி ஓரத்தில் சட்டென்று மண்டியிட்டாள். மண்வெட்டிக்குத் தப்பின செடி ஒன்று இருந்தது. அதில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது, பக்கத்தில் ஒரு மொட்டு.

ரெஜிஸ் பையைத் திறந்தான். பிச்சமுத்து தடுத்தார். "இருங்கய்யா. குனியறதுக்கு முன்னாடி வாயக் கட்டிக்குங்க. இது பெருமாளுக்குப் போற மருக்கொழுந்து. நம்ம மூச்சுக் காத்து படக்கூடாது. மோந்து பாத்த பூவும் ஆகாது. நாங்க பேசிக்கிட்டே பறிக்கக்கூட மாட்டோம்."

"நாங்க எடுக்கிறது களைதாங்க."

"களைக்கு ஒட்டுனாப்லதானே இது இருக்கு" என்று சுத்தமான துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ரெஜிஸ் கட்டிக்கொண்டு குப்புறப் படுத்தான். படுத்துப் பார்த்தால், மூச்சு துண்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பூ அசையவில்லை. திருவெள்ளறையில் மூச்சை அடக்கி அடக்கி நெஞ்சு வலிக்க எடுத்தது நினைவுக்கு வந்தது.

கேமராக் கண்ணாடியில் பூ திரண்டு வந்தது. ஒரு நூல் முன்னே போனான், கீழிதழ் தெளிந்தது. புள்ளிகள் இருந்தன. இத்தனை நாள் சேறென்று நினைத்தவை, ஒவ்வொன்றும் வார்த்து வைத்தது மாதிரி, தனித்தனியாக, வரிசையாக இருந்தன. இதையா அழித்தேன் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் இடது ஓரத்தில், இரண்டு புள்ளியை மறைத்துக்கொண்டு, குழாய்த் தண்ணீர் தெறித்த மண் துணுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. அது நிஜமாகவே மண்.

இதை எப்படிச் சொல்வது? மணமேடையில் மாலையைச் சரி செய்கிற கை அது. காலரை இழுத்துவிடுகிற கை, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குகிற கை. இறந்தவரின் வீட்டுக்குப் படமெடுக்கப் போனாலும் தலையணையை நிமிர்த்துகிற கை. ரெஜிஸ் யோசிக்கவே இல்லை. வலது கை கேமராவில் இருக்க, இடது கை சட்டைப் பையிலிருந்து லென்ஸ் துடைக்கிற மெல்லிய பிரஷ்ஷை எடுத்தது, நீண்டது, மண்ணைத் தொட்டது.

பூ உதிர்ந்தது. சத்தமே இல்லை.

அவன் அப்படியே கிடந்தான். எழுந்திருக்க முகம் இல்லை. ஒரு படம்கூட எடுத்திருக்கவில்லை. ஜென்சி குனிந்து, உதிர்ந்த பூவை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தாள். அது ஏற்கெனவே சுருளத் தொடங்கியிருந்தது. அவள் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கேமராவை அவன் கையிலிருந்து வாங்கித் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு நான் எடுக்கிறேன்" என்றாள். "நீங்க தொட வேணாம்."

பிச்சமுத்து மொட்டைப் பார்த்தார். "காலையில விரிஞ்சிடும்மா. இன்னிக்கி இந்தப் பாத்தியில மம்பட்டி விழாது" என்று, உடைந்த மண்சட்டி விளிம்பு ஒன்றைக் கொண்டுவந்து செடியைச் சுற்றி வைத்தார்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில், தொட்டியில் இருந்த மிளகாய்ப் பூவை வைத்து அவளுக்குச் சொல்லிக் கொடுத்தான். "லென்ஸைத் திருகாத. முழங்கைய ரெண்டையும் தரையில ஊனிக்க. நீதான் முன்ன பின்ன போகணும். தெளியிற எடத்துல நிக்காத, போற போக்கிலயே அமுக்கு." முதல் நாற்பது படமும் பனிமூட்டம். நாற்பத்தோராவதில் மகரந்தப் பை தெளிவாக விழுந்தது. ஜென்சி அவனிடம் காட்டினாள். அவன் நன்றாக இருக்கிறதென்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டான். அவனுக்குத் தன் கையைக் கண்டே பயமாக இருந்தது.

மறுநாள் நந்தவனத்தின் வாசலோடு நின்றுவிட்டான். "நீ போ. நான் உள்ள வரலை" என்றான். ஜென்சி வற்புறுத்தவில்லை. பிச்சமுத்து கொடுத்த துண்டை அவள் வாயில் கட்டிக்கொண்டு போவதை, கம்பி கேட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் குப்புறப் படுத்தாள். புடவை சேறாயிற்று. மாதாவே, அந்த மொட்டு விரிந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். வேண்டிக்கொண்டபோதே, நேற்று விரிந்திருந்ததை உதிர்த்துவிட்டு இன்று எந்த முகத்தோடு கேட்கிறாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான்.

பத்து நிமிஷத்தில் ஜென்சி தலையைத் தூக்கினாள். துண்டைக் கீழே இறக்கிக்கொண்டு, பாத்தியை விட்டுத் தள்ளி வந்து கூப்பிட்டாள்.

"ஏங்க, வாங்க. வெயில் நேரா விழுது, பூ வெளுத்துப் போவுது. நெழல் வேணும்."

"பிச்சமுத்து அண்ணனப் பிடிக்கச் சொல்லு."

"அவருக்கு எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரியுமா? உங்களுக்குத்தான் தெரியும். வாங்க."

அவன் போனான். வாயைக் கட்டிக்கொண்டான். தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, வெயிலுக்கும் பூவுக்கும் நடுவில் மண்டியிட்டான். துணி வழியாக வெளிச்சம் இதமாக இறங்கியது. இரண்டு கையிலும் துண்டு இருந்ததால் வேறு எதையும் தொட வழியில்லை, அது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. முழங்காலுக்குக் கீழே கல் குத்தியது, நகரவில்லை. ஜென்சி ஒரு நூல் முன்னே போனாள், ஒரு நூல் பின்னே வந்தாள். போகிற போக்கில் அமுக்கினாள். மூவரும் வாயைக் கட்டிக்கொண்டு, ஒரு களைப் பூவைச் சுற்றிப் பேசாமல் இருந்தார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நூற்றுப் பன்னிரண்டு படம். மூன்று தேறின. அதில் ஒன்றில் கீழிதழ் முழுக்கத் தெளிவாக விழுந்திருந்தது. ஜென்சி பின்திரையில் பெரிசாக்கி, விரலை வைத்து எண்ணினாள். பதினொன்று. மறுபடி எண்ணினாள். ரெஜிஸும் மனசுக்குள் எண்ணினான். மகரந்தத் தூள் சிதறியிருந்தது, ஓரத்தில் ஏதோ பூச்சி கடித்த ஓட்டை இருந்தது, ஒரு மண் துகளும் இருந்தது. எல்லாம் அப்படியே இருந்தன. ஜென்சி வாய்த்துண்டை அவிழ்க்காமலே அழுதாள். ஏழு வருஷத்து அழுகை அது. அவளைத் தொட்டுத் தேற்ற அவனுக்குக் கை எழவில்லை, அவளே அவன் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்று படத்தையும் கார்டோடு அனுப்பினாள். திருவெள்ளறை மண் நந்தவனத்துக்கு வந்த கதையையும் விடாமல் எழுதினாள். கூடவே ரெஜிஸ் ஸ்டுடியோ லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதினான். முதல் படத்தை அழித்தவன் நான், ஆய்வாளருக்குத் தெரியாது, அழகாக இருக்கட்டுமென்று செய்தேன், தப்பு என்னுடையது. நாலே வரி, எழுத ஒரு பகல் ஆயிற்று.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது. பரீட்சகர் ஏற்றுக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. பழைய படத்தை எடுத்துவிடக் கூடாது. அதுவும் இருக்க வேண்டும், பக்கத்தில் புதிய படமும் இருக்க வேண்டும், என்ன நடந்ததென்று கீழே குறிப்பு இருக்க வேண்டும். இனி இதைப் படிக்கிறவர்கள் ஏமாறக் கூடாது என்று எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தை ஜென்சி ஸ்டுடியோ கம்ப்யூட்டரிலேயே அடித்தாள். ரெஜிஸ் பின்னால் நின்று படித்தான். ஆங்கிலத்தில் அடித்திருந்தாள். அதன் பொருள் இது: படம் 7 அ, தனியார் ஸ்டுடியோ ஒன்றில் திருத்தப்பட்டது, கீழிதழின் புள்ளிகள் நீக்கப்பட்டுள்ளன. படம் 7 ஆ, திருத்தப்படாதது, எடுத்தவர் ஜென்சி.

"பேரு எங்க?" என்றான்.

"எந்தப் பேரு?"

"ஸ்டுடியோவுக்குப் பேரு இல்லையா? ஆளுக்குப் பேரு இல்லையா?"

ஜென்சி திரும்பிப் பார்த்தாள். "எதுக்குங்க? எக்ஸாமினர் பேரக் கேக்கலை. உங்க தொழில் இது. லைப்ரரியில அம்பது வருசம் இருக்கும். நாளைக்கு யாரு எடுத்துப் பாத்தாலும் இருக்கும்."

"இருக்கட்டும்" என்றான் ரெஜிஸ். "நான் அழிச்சது இருக்கு, நீ எடுத்தது இருக்கு. என் பேரு மட்டும் இல்லைன்னா, அதையும் நானே அழிச்ச மாதிரி ஆயிடும். போடு."

ஜென்சி நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். ரெஜிஸ் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, திருத்தியவர் என்று போட்டுத் தன் பெயரையும், ஸ்டுடியோ பெயரையும், பாலக்கரை என்றும் அடித்தான். வலிக்கத்தான் செய்தது. ஜென்சி ஒரு தடவை முழுசாகப் படித்துப் பார்த்துவிட்டு, ஐந்து பிரதி எடுக்கச் சொன்னாள்.